குரங்குக் குழுவுக்கு நான் செயலாளராக இருந்தேன்

புதிதாக உளவளத்துணைப் பணிக்கு வந்திருக்கிறீர்கள். வாழ்த்தெல்லாம் பிறகு. முதலில் எழுந்து போய், உங்கள் அறைக் கதவில் என்ன பலகை மாட்டியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள். நீங்கள் படித்த பாடநெறியில் இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. என் கதவில் மாட்டிய ஒரு பலகையால்தான் என் வேலையே ஓடியது. அதே பலகையால்தான் ஒரு பிள்ளையின் ஆராய்ச்சிப் படிப்பு கையைவிட்டுப் போகப் பார்த்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் ஓய்வு பெற்றது ஒரு பட்டமேற்படிப்பு நிலையத்திலிருந்து. மாத்தளையிலிருந்து நாலந்தாப் பக்கம் போகும் வழியில், மிளகும் கொக்கோவும் மண்டிக் கிடந்த பழைய தோட்டமொன்றில் எங்கள் பல்கலைக்கழகம் அதை நடத்தியது. துரை பங்களாவை நூலகமாக்கினார்கள். ஸ்டோரை விரிவுரை மண்டபமாக்கினார்கள். கொக்கோக் கொட்டை காயப்போட்ட அறை மிஞ்சியிருந்தது, அதை எனக்குத் தந்தார்கள். கதவில் மூன்று மொழியிலும் ‘உளவளத்துணை’ என்று எழுதி, வெளியே வருகிறவர்கள் உட்கார நீளமாக ஒரு வாங்கும் போட்டுக் கொடுத்தார்கள்.

முதல் வருடம் முழுக்க அந்த வாங்கில் ஒரு நாய்தான் படுத்திருந்தது.

ஏனென்று யோசித்துப் பாருங்கள். பட்டமேற்படிப்பு மாணவர் என்றால் பதினெட்டு வயதுப் பிள்ளைகளா? பாடசாலை அதிபர்கள், வங்கி முகாமையாளர்கள், பிள்ளையை உம்மா வீட்டில் விட்டுவிட்டு ஓடிவரும் தாய்மார். சனிக்கிழமை மாணவர், திங்கட்கிழமை ‘சேர்’. மாத்தளையோ சின்ன ஊர். ஒருவர் அந்த வாங்கில் உட்கார்ந்து எழும்பினால், அவர் பஸ் ஏறி டவுனுக்கு வந்து சேர முன்னமே செய்தி வந்து சேர்ந்துவிடும். அதிலும் நான் உள்ளூர்க்காரி. என் வாப்பாவின் கடையில் கொத்தமல்லி வாங்காத குடும்பம் அந்தப் பக்கத்தில் குறைவு. யார் வந்து என்னிடம் மனம் திறப்பார்கள்?

எங்கள் நிலையத்தில் தாராளமாக இருந்தவை குரங்குகள். பையின் சிப்பை இழுத்துத் திறக்கத் தெரிந்த குரங்குகள். விரிவுரை நடக்கும்போதே ஜன்னலால் கை நீட்டி டிபன் பெட்டியை எடுக்கும். அந்த முறைப்பாடுகளைக் கேட்டுக்கொண்டிருந்த பராமரிப்பு உத்தியோகத்தர் மாற்றலாகிப் போய்விட்டார். ஒரு நாள் உதவிப் பதிவாளர் என் அறைக்கு வந்தார். கண்டிப்பானவர், ஆனால் கெட்டவரில்லை. சிங்களவர், ‘தானே’ வரவேண்டிய இடத்தில் ‘நே’ போட்டுத் தமிழைத் தைரியமாகப் பேசுவார்.

“மிஸ்ஸுக்கு வேல கொஞ்சம் கொறவு நே?”

“ஏன் சேர்?”

“குரங்கு முறைப்பாடு எடுக்க ஆள் இல்ல. மாணவர்ட நலன் உங்கட பகுதி தானே? குரங்கு கடிச்சா நலன் போகும் நே?”

எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரி வார்டுகளில் எத்தனை வருடம் வேலை பார்த்தவள் நான். வீட்டுக்குப் போய் என் மாப்பிள்ளையிடம், அதுதான் என் வீட்டுக்காரரிடம், சொன்னேன். அந்த மனிதர் சோறு புரையேறும்வரை சிரித்தார். அன்றைக்கு அவருக்கு இரண்டாம் தரம் கறி வைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை போனால் என் கதவில் புதுப் பலகை. ‘உளவளத்துணை’ மேலே சின்னதாக இருந்தது. கீழே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் ‘குரங்குத் தொல்லை முறைப்பாடுகள்’.

அன்று பத்து மணிக்குக் கதவு தட்டப்பட்டது. ஒரு பாடசாலை அதிபர். முதுமாணிப் படிப்புக்கு வருகிறவர், வயது ஐம்பதை நெருங்கும்.

“மிஸ், என்ட லன்ச் பார்சல குரங்கு தூக்கிட்டு போயிருச்சி.”

“பார்சல்ல என்ன இருந்திச்சி சேர்?”

“சோறு. போஞ்சிக் கறி. வைஃப் கட்டித் தந்தது.”

சொல்லிவிட்டு எழும்பிப் போகவேண்டியவர் போகவில்லை. மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “மகன் என்னோட பேசுறதில்ல மிஸ். ஒரே வீட்டுல இருக்கோம், ஒரு வார்த்த இல்ல” என்றார். அதன்பிறகு பகல் சாப்பாட்டு நேரம் வரை பேசினார். போகும்போது வாசலில் நின்று, வாங்குப் பக்கமாகத் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி, “அந்தக் குரங்குகளுக்கு ஒரு முடிவு கட்டணும்!” என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். வாங்கில் நாயைத் தவிர யாரும் இல்லை.

எப்படிப் பரவியதோ தெரியாது. அடுத்தடுத்த வாரங்களில் நாய்க்கு இடமில்லாமல் போனது. தூக்கம் வராதவர், மேற்பார்வையாளருக்குப் பயந்தவர், கல்யாணம் முறிந்தவர், எல்லோருக்கும் குரங்குத் தொல்லை. என் வாழ்நாளில் அவ்வளவு வேலை நான் பார்த்ததில்லை.

இதில் உண்மையாகவே குரங்கு முறைப்பாட்டோடு வருகிறவர்கள் பாடுதான் பாவம். ஒரு பையன் வந்து செருப்பைக் குரங்கு கொண்டு போனதாகச் சொன்னான். நான் வழமைபோலக் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, “எப்ப இருந்து உங்களுக்கு இப்பிடி இருக்குது?” என்று கேட்டேன். “இப்பதான் மிஸ், பத்து நிமிஷம்” என்றான். “வீட்டுல யாரோடயாவது இதப் பத்திக் கதைச்சீங்களா?” என்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, “மிஸ், எனக்கு ஒண்ணும் இல்ல. என் செருப்புத்தான் வேணும்” என்று எழும்பினான். செருப்பு கூரை மேல் இருந்தது. காவலாளியைக் கூப்பிட்டு எடுத்துக் கொடுத்தேன்.

இங்கே உங்களுக்கு ஒன்று சொல்லிவைக்கிறேன். ஆட்கள் எந்தப் பெயரைச் சொல்லி உள்ளே வருகிறார்களோ அந்தப் பெயரோடு வரவிடுங்கள். கதவைப் பிடித்துக்கொண்டு உண்மைக் காரணத்தைக் கேட்காதீர்கள். பலகை உங்களுக்கு அவமானமாக இருக்கிறதென்றால் வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையோடு சண்டை பிடியுங்கள்.

சுகந்தி வந்தது அப்படியொரு நாளில்தான். வேறொரு தோட்டத்துத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை, மிளகுக் கொடி நோயில் கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவளுடைய தோட்டத்தில் அந்தப் படிப்புவரை வந்த முதல் ஆள் அவள்தான். அவளுடைய அப்பா அவசரப்பட்டு எல்லோரிடமும் ‘மகள் டொக்டர்’ என்று சொல்லிவிட்டார். அதனால் அவள் லீவில் வீட்டுக்குப் போனால் லயத்து ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்களாம். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு கேஸ்டிரிக். மிளகுக்கு மருந்து தேடுகிறேன் என்று இவள் விளக்கினால், “அதையே கொஞ்சம் குடும்மா, பாப்போம்” என்பார்களாம்.

உட்கார்ந்ததும், “குரங்கு வந்து என் கொடி பூரா நாசமாக்கிருச்சிங்க மிஸ்” என்றாள். வலைக்கூடத்தில் அவள் வளர்த்த பரிசோதனைக் கொடிகள் ஒன்று மிச்சமில்லாமல் பிடுங்கப்பட்டிருந்தது நிலையம் முழுக்கத் தெரிந்த செய்தி. நான் தலையாட்டிவிட்டுக் காத்திருந்தேன். அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். இரண்டிலும் நார் கிழித்த கோடுகள்.

“குரங்கு இல்லீங்க மிஸ். நான்தான் புடுங்கினேன்.”

நடந்தது இதுதான். அவளுடைய ஆராய்ச்சி ஒரு புதிய மருந்தைப் பற்றியது. மருந்தைச் சோதிக்க வேண்டுமென்றால் முதலில் கொடிக்கு நோய் வரவேண்டும். அவளும் கிருமியை வேரில் விட்டாள். கொடி வாடவில்லை. இன்னும் விட்டாள். துளிர் விட்டது. ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தப் பச்சையைப் பார்த்து நொந்துபோகும் ஒரே ஆள் இந்த மாவட்டத்தில் அவளாகத்தான் இருந்திருப்பாள். அவளுடைய மேற்பார்வையாளரான பேராசிரியர் தலைமை வளாகத்தில் இருந்தபடி தினமும் அவளுக்குப் போன் எடுப்பார். ஒரே கேள்விதான் கேட்பார். கொடி வாடத் தொடங்கிவிட்டதா?

“மொத மொத ‘கொஞ்சம் வாடுற மாதிரி இருக்குங்க சேர்’னு சொல்லிட்டேன் மிஸ். அதுக்கப்புறம் எப்படி மாத்திச் சொல்றது? நாளுக்கு நாள் வாடுதுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். இப்ப அவர் பேரு போன்ல வந்தாலே வாந்தி வருது. திடீர்னு ஒரு நாள், நாளைக்கு நேர்ல வந்து பாக்கிறேன்னுட்டாரு. வந்து பாத்தா அத்தனையும் பச்சப் பசேல்னு நிக்கும். அதான்.”

பேராசிரியர் வந்து, வெறும் செடிச் சாடிகளைப் பார்த்தார். சுகந்தி வாயில் முதலில் வந்த சொல் குரங்கு.

ஆராய்ச்சியில் பொய் சொன்னது தெரிந்தால் பதிவை ரத்துச் செய்வார்கள். வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அப்பாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டாள். நீங்களாகவே பேராசிரியரிடம் சொல்லிவிடுவது நல்லது, நானும் கூட வருகிறேன் என்று அந்த வாரமும் அடுத்த வாரமும் சொன்னேன். தலையைத் தலையை ஆட்டுவாள். பிறகு, “முடியாதுங்க மிஸ். தோட்டத்துப் பிள்ள இவ்வளவுதான்னு நெனச்சிருவாரு” என்பாள்.

இதற்கிடையில் உதவிப் பதிவாளர் தன் ஜன்னலால் என் வாங்கைப் பார்த்திருக்கிறார். வாரா வாரம் அங்கே கூட்டம். சிலர் அழுத கண்ணோடு வெளியே போகிறார்கள். குரங்குத் தொல்லை மாணவர்களை இவ்வளவு தூரம் பாதித்துவிட்டதே என்று மனிதர் உண்மையிலேயே பதறிப்போனார். உடனே ஒரு குழு அமைத்தார். குரங்குத் தொல்லை ஒழிப்புக் குழு. மாணவியின் ஆராய்ச்சியே அழிந்துபோன ஆத்திரத்தில் தலைமைப் பொறுப்பைச் சுகந்தியின் பேராசிரியர் கேட்டு வாங்கிக்கொண்டார். விசயம் எல்லாம் தெரிந்தவள் என்று என்னைச் செயலாளராகப் போட்டார்கள்.

என் நிலைமையைப் பாருங்கள். வாங்கில் இருப்பவர்கள் குரங்குக்காக வரவில்லை என்று சொன்னால், வேறு எதற்கு வந்தார்கள் என்று சொன்னதாகிவிடும். சொல்லாவிட்டால் ஊரில் உள்ள குரங்கெல்லாம் குற்றவாளி. நம்முடைய தொழிலில் வாயை மூடிக்கொண்டிருப்பதற்குத்தான் சம்பளம். எல்லாக் கூட்டத்திலும் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தேன்.

குழு சாட்சிகளைக் கூப்பிட்டது. அந்த அதிபரும் வரவேண்டியதாகிவிட்டது. பேராசிரியர் யாழ்ப்பாணத்துக்காரர், எதையும் அளந்து கேட்பவர்.

“அந்தக் குரங்கின்ர குணம் என்ன மாதிரி? ஆக்கிரோசமானதோ?”

அதிபர் பாவம், தயாராகாமல் வந்திருந்தார். “ஆக்ரோசம் இல்ல சேர். வீட்டுக்குள்ள வரும், போகும். மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கும். நாம பேசினா திரும்பியும் பார்க்காது.”

“வீட்டுக்குள்ளயோ? நிலையத்தில எண்டுதானே முறைப்பாடு?”

“நிலையத்திலயும் அப்படித்தான் சேர்” என்று அதிபர் என்னைப் பார்த்தார். நான் கோப்பையைப் பார்த்தேன். சில குரங்குகள் மனிதரைப் பொருட்படுத்துவதில்லை என்று குழு முடிவு எடுத்தது.

அடுத்து, பிடித்துக் கொண்டுபோய் எங்காவது விடுவது என்று பேசினார்கள். நாலந்தாவுக்கு அப்பால் காட்டோரம் என்று தீர்மானித்ததும், அந்தப் பக்கத்து ஆட்கள் வந்து கேட்டுக்கு முன்னால் நின்றார்கள். “உங்க குரங்கக் கொண்டாந்து எங்க தலையில கட்டாதீங்க. எங்ககிட்ட இருக்கிறதே போதும்!” நியாயமான பேச்சு. அதற்குப் பிறகு குழுவில் ஒருவர் ‘வேறு வழி’ என்று ஒன்றைச் சொன்னார். அது என்ன வழி என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் விளங்கியது.

ஆனால் பேராசிரியர் நீதிமான். குற்றம் செய்யாத குரங்கைத் தண்டிக்கக்கூடாது என்றார். வலைக்கூடத்துக்குப் பக்கத்தில் கூண்டு வைத்தார்கள். ஒரு பெரிய கடுவன் குரங்கு மாட்டியது. சுகந்தி வந்து, கொடிகளைப் பிடுங்கியது இதுதானா என்று அடையாளம் காட்டவேண்டும் என்று உத்தரவானது. உதவிப் பதிவாளர் அதை நீதிமன்ற அடையாள அணிவகுப்பு மாதிரி ஒழுங்கு செய்தார். சாட்சி நிற்க ஒரு கோடுகூடக் கீறியிருந்தார்.

சுகந்தி அந்தக் கோட்டில் வந்து நின்றபோது அவளுடைய உதடு வெளுத்திருந்தது. கூண்டுக்குள்ளே இருந்த குரங்கு அவளைப் பார்த்து, கம்பிக்கு வெளியே கையை நீட்டியது. அவள் கையில் பாதி கடித்த இனிப்புப் பணிஸ் ஒன்று இருந்தது. காலையில் சாப்பிட முடியாமல் பிடித்துக்கொண்டு வந்திருப்பாள் போல.

“வடிவாப் பாரும்” என்றார் பேராசிரியர். “அவசரமில்லை. இதுதானோ?”

‘ஓம்’ என்றால் அவள் தப்பினாள், குரங்கு செத்தது. ‘இல்லை’ என்றால் இன்னொரு குரங்கைப் பிடிப்பார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் அவள் பார்த்த திசையில் என்னைப் பார்த்தார்கள்.

நான் இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த காலத்தில் கண்டி ஆஸ்பத்திரியொன்றில் ஒரு மூத்த தாதி இருந்தார். வார்டில் ஏதாவது களேபரம் என்றால் அந்த அம்மா முதலில் ஒரு கதிரை தேடி உட்காருவார். “நீ நின்னா எல்லாரும் ஓடுவாங்க, நீ உக்காந்தா அவங்களும் மூச்சு விடுவாங்க” என்பார். அது ஞாபகம் வந்ததும் நானும் உட்காரப் பார்த்தேன். கதிரை இல்லை. பக்கத்தில் கிடந்த உர வாளியைக் கவிழ்த்துப்போட்டு, சாரியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதன்மேல் உட்கார்ந்தேன். குழுச் செயலாளர் ஏன் வாளியில் உட்காருகிறார் என்று யாருக்கும் விளங்கவில்லை. உதவிப் பதிவாளர் யோசித்துப் பார்த்துவிட்டுத் தானும் ஒரு வாளியைத் தேடி உட்கார்ந்தார்.

அந்த நேரத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அவளுக்கு உடம்பு சரியில்லை என்று அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். அவளுக்காக நானே உண்மையைச் சொல்லியிருக்கலாம். இரண்டுமே அவள் வாயிலிருந்து அவள் பேச்சைப் பிடுங்குகிற வேலை. வாளியில் உட்கார்ந்தபடி அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரித் தலையை அசைத்தேன். நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதைத் தவிர அதற்கு வேறு அர்த்தம் இல்லை.

சுகந்தி குனிந்து பணிஸைக் குரங்கின் கையில் வைத்தாள்.

“இது இல்லீங்க சேர்.”

“அப்ப எது?”

“எதுவுமே இல்லீங்க சேர். நான்தான் புடுங்கினேன். கொடி வாடவே இல்ல. போன்ல வாடுதுன்னு சொன்னதெல்லாம் பொய். எனக்குப் பயமா இருந்திச்சி.”

குரங்கு பணிஸ் தின்னும் சத்தம் மட்டும் கேட்டது. உதவிப் பதிவாளர்தான் முதலில் எழும்பினார். “சேர், மன்னிக்கணும். இது எங்கட குழுவுக்கு வராது நே. எங்களுக்கு அதிகாரம் குரங்குக்கு மட்டும்தான். மனுசருக்கு வேற குழு போடணும்” என்றார். உதவிப் பதிவாளர் கடமை தவறாதவர், காவலாளியைக் கூப்பிட்டுக் கூண்டைத் திறக்கச் சொன்னார். கடுவன் அவசரமில்லாமல் ஆறுதலாக வெளியே வந்து, கீறிய கோட்டைத் தாண்டி, பலா மரத்தில் ஏறியது. குழு கலைந்துவிட்டது. நாங்கள் மூன்று பேர் மட்டும் நின்றோம்.

பேராசிரியர் உடனே உருகிவிடவில்லை. அப்படி நினைக்காதீர்கள். “எனக்குப் பொய் சொல்லியிருக்கிறீர். ஒவ்வொரு நாளும் சொல்லியிருக்கிறீர்” என்றார். முகம் கறுத்துப் போயிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

“உங்களுக்கு முன்னமே தெரியுமோ?”

“அதச் சொல்ல முடியாது சேர்.”

“அப்ப தெரியும்.”

“அதையும் சொல்ல முடியாது சேர்.”

அவர் தன் காரில் போய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சுகந்தியின் அழுகையை நான் நிறுத்தப் பார்க்கவில்லை. கைக்குட்டையும் நீட்டவில்லை. நீட்டினால் ‘போதும், நிறுத்து’ என்று சொன்னதாகிவிடும். கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி வந்தார்.

“நான் என்னத்துக்கு ஒவ்வொரு நாளும் எடுத்தனான் எண்டு நினைச்சீர்?” என்று அவளிடம் கேட்டார். “நீர் ஊரைவிட்டு வந்து தனிய நிக்கிறீர். சுகமா இருக்கிறீரோ, சாப்பிட்டீரோ எண்டு கேக்க எனக்கு வராது, பிள்ளை. கொடியைப் பற்றித்தான் கேக்கத் தெரியும்.”

சுகந்தி வாயைத் திறந்தபடி நின்றாள். அந்த மனிதர் அன்பாக எடுத்த ஒவ்வொரு போனுக்கும் அந்தப் பிள்ளை வாந்தி எடுத்திருக்கிறது.

“கொடியைப் புடுங்கி எங்க போட்டனீர்?” என்றார் அடுத்து. ஆராய்ச்சிக்காரரின் புத்தி போகாதுதானே.

வலைக்கூடத்துக்குப் பின்னால் குப்பைக்கிடங்கு. போய்ப் பார்த்தோம். இடையில் நல்ல மழை பெய்திருந்தது. அந்த மிளகுக் கொடிகள் குப்பை மேலேயே வேர் பிடித்து, பழைய தகரமொன்றில் படர்ந்து, பளபளவென்று துளிர்த்திருந்தன. கிருமி விட்டும் சாகவில்லை, பிடுங்கி எறிந்தும் சாகவில்லை. பேராசிரியர் காற்சட்டை அழுக்காவதைப் பார்க்காமல் முழங்காலில் இருந்துவிட்டார்.

“எல்லாம் ஒரே இடத்துத் தண்டோ?”

“எங்க தோட்டத்துல, லயத்துக்குப் பின்னால இருந்து வெட்டினதுங்க சேர்.”

“விசரி! நோய் பிடிக்காத கொடி எண்டால் அதுதானே பெரிய விசயம். மருந்து ஆருக்கு வேணும்?” என்று அவர் கத்தியதில் பலா மரத்துக் குரங்கு வேறு மரத்துக்குத் தாவியது. பிறகு நிதானித்துக்கொண்டு, எழுத்தில் ஒன்றும் சமர்ப்பிக்கவில்லை என்பதால் பதிவை ரத்துச் செய்யும் பேச்சுக்கு இடமில்லை என்றார். போனில் சொன்ன பொய்க்கு அவளைச் சும்மா விடப்போவதில்லை என்றும் சொன்னார். எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும், ஒவ்வொரு அளவையும் தான் நேரில் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொள்வேன் என்றார். அவள் சரி என்றாள். பிறகு, என் வேலையில் நான் பார்த்த தைரியங்களில் பெரிய தைரியத்தை அந்தப் பிள்ளை காட்டினாள்.

“சேர், எனக்கு ரெண்டு மாசம் லீவு வேணும். வீட்டுக்குப் போயி தூங்கணும். அதுவரைக்கும் போன் பண்ணாதீங்க சேர்.”

பேராசிரியர் தலையாட்டினார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அவளுக்குப் போன் எடுக்கவில்லை. எனக்கு எடுத்தார். தினமும், பகல் சாப்பாட்டு நேரத்துக்கு.

“அந்தப் பிள்ளை எப்பிடி?”

“சொல்ல முடியாது சேர்.”

“சரி.”

அடுத்த நாளும் எடுப்பார். அதே கேள்வி, அதே பதில், அதே ‘சரி’. சுகந்தி இடையிடையே எனக்குப் பேசிக்கொண்டுதான் இருந்தாள், நன்றாகத் தேறிக்கொண்டுதான் வந்தாள். ஆனால் அது அவள் என்னிடம் சொன்னது, அவருக்குச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. என் மாப்பிள்ளைக்கு இந்தக் கூத்து தாங்கவில்லை. “ஒரு வார்த்த சொன்னா என்ன? மனிசன் பாவம்” என்பார். பாவம்தான். அதற்காக விதியை உடைக்க முடியுமா? நீங்களும் உடைக்காதீர்கள். வருகிற போனை மட்டும் எடுக்காமல் விடாதீர்கள். கேட்க ஆள் இருக்கிறது என்பதும், பதில் கிடைக்காது என்று தெரிந்தே கேட்கிறார் என்பதும் சின்ன விசயமில்லை.

லீவு முடிந்து வந்த சனிக்கிழமை அதே நேரத்துக்குப் போன் வந்தது. நான் எடுத்ததுமே, “சொல்ல முடியாது சேர்” என்றேன்.

“நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம். அவள் இஞ்ச வலைக்கூடத்தில என்ர பக்கத்தில நிண்டு சாடிக்கு மண் போடுறாள்” என்றார் பேராசிரியர். “நான் எடுத்தது வேற விசயத்துக்கு. நீங்கள் எப்பிடி இருக்கிறீங்கள் மிஸ்?”

இந்தத் தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன். எத்தனை விதமாகக் கேட்டிருப்பேன். என்னிடம் ஒருவர் கேட்டு, பதிலுக்காகக் காத்துக்கொண்டும் இருந்தது அன்றைக்குத்தான். ‘நல்லாருக்கேன்’ என்று சொல்ல வாயெடுத்தேன், சொல் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. போனில் மண் கொட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“தெரியல்ல சேர்” என்றேன் கடைசியில். “களைப்பா இருக்குது.”

“அப்ப இஞ்ச வாங்கோ. சுகந்தி தேத்தண்ணி ஊத்துறாளாம்.”

வாங்கில் ஆட்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அரை மணித்தியாலத்தில் வருகிறேன் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு போனேன்.